அண்ணன் கையெழுத்திட்ட பத்தொன்பது மாற்றுச் சான்றிதழ்கள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த வைகாசியோடு ஓராண்டு நிறைகிறது. அண்ணனின் கோச்சடை இல்லத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணனோடு பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அண்ணன் பெற்ற பாராட்டுகளையும் கேடயங்களையும் பற்றி மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"மலரு ஏதும் போட்டா நீ எழுது பாப்பா. டிசி விஷயத்த மட்டும் விட்றாத. ஹெச்.எம்.மா இருக்கவங்க நாலு பேரு கையிலயாவது அது போவும்."

அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது வருத்தப்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது திருவாதவூரில். கண்மாய்த் தண்ணீரை நம்பிய கொஞ்ச நிலம் எங்களுடையது. அண்ணன் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் அறையில் மின்சாரம் தாக்கி அப்பா இறந்துபோனார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றிலிருந்து என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது அண்ணன்தான். விடியும் முன்பே வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து மதுரைக்குக் கல்லூரிக்குப் போவார். படிப்பை விட்டுவிடு என்று உறவினர்கள் சொன்னார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. கணிதத்தில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, வில்லாபுரம் பக்கத்தில் அரசு உதவி பெறும் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். என்னையும் படிக்க வைத்தார். நான் ஆசிரியை ஆனதும், இன்று ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருப்பதும் அவரால்தான்.

இருபது ஆண்டுகள் கணிதம் சொல்லிக் கொடுத்த பிறகு அதே பள்ளிக்கு அண்ணன் தலைமையாசிரியர் ஆனார். பள்ளி அப்போது நல்ல நிலையில் இல்லை. பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் குறைந்தால் ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு பள்ளியையே பூட்டிவிடுவார்கள் என்று பேச்சு. அண்ணன் காலை ஏழு மணிக்கே பள்ளியில் இருப்பார். கழிப்பறையைக் கழுவ ஆள் வராத நாட்களில் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவியிருக்கிறார். கோடை விடுமுறையில் வில்லாபுரம், அவனியாபுரம் தெருக்களில் வீடு வீடாக ஏறி, பிள்ளைகளைச் சேர்த்து விடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

பள்ளிக் குழுவின் செயலர் ஒரு நாள் அண்ணனிடம், "ரிசல்ட் காட்டுங்க சார். ரிசல்ட் இருந்தா பிள்ளைக தானா வரும்" என்றார்.

அண்ணன் ரிசல்ட் காட்டினார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் நூறு விழுக்காடு. வாசலில் பேனர் கட்டினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பணியிடமும் போகவில்லை. அண்ணனை மேடைகளில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

அந்த நூறு எப்படி வந்தது என்பதைத்தான் அண்ணன் எழுதச் சொன்னார்.

சிறப்பு வகுப்புகள் உண்மை. காலையில் தேர்வு, மாலையில் தேர்வு எல்லாம் உண்மை. அதோடு இன்னொன்றும் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, எப்படிப் படித்தாலும் தேறமாட்டார்கள் என்று தோன்றும் மூன்று நான்கு பிள்ளைகளின் பெற்றோரை அண்ணன் தன் அறைக்கு அழைப்பார். திட்டமாட்டார். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "இவனுக்கு வேற ஸ்கூல்தான் சரிப்பட்டு வரும். இங்க இருந்தா பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்பார். அந்தப் பெற்றோர்கள் கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். ஹெச்.எம். சாரே சொல்கிறார், பிள்ளையின் நல்லதுக்குத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டு, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அண்ணன் இதை என்னிடம் மறைத்ததில்லை. ஒரு பொங்கலுக்குத் திருவாதவூரில் கூடியிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊரில் எத்தனையோ பள்ளிகள் செய்வதுதானே என்று எனக்கும் தோன்றியது.

அண்ணன் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, ஒரு காலை நேரத்தில் காவலர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வைத்த ஒரு தாள். அண்ணன் கையெழுத்திட்ட மாற்றுச் சான்றிதழ். முந்தின நாள் ஒரு கட்டடத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இளைஞன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். வயதுக்குச் சான்று கேட்டபோது வீட்டில் இருந்தது அந்த ஒரு தாள்தான். பெயர் முத்துக்குமார்.

அண்ணன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அலுவலக உதவியாளர் சொன்னார். வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் அந்த மூலச் சான்றிதழ் அந்தப் பள்ளியில் இருக்கும். வீட்டில் இருக்கிறது என்றால் பையன் எங்கேயும் சேரவே இல்லை. தலைமையாசிரியர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று மதியம் அண்ணன் அந்த வீட்டுக்குப் போனார். பெண்கள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்குமாரின் அம்மா அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

"வேற ஸ்கூலு சரிப்பட்டு வரும்னு சொன்னீக சார். எந்த ஸ்கூலுன்னு சொல்லவே இல்லையே. நாங்களும் ரெண்டு ஸ்கூலு ஏறி எறங்குனோம். அவுக வேண்டாம்னு அனுப்புன பிள்ளைய நாங்க எப்படிச் சேக்குறதுன்னு கேட்டாக. பெறகு அவனே, வேலைக்குப் போறேம்மான்னுட்டான்."

கோச்சடைக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதினி சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "எனக்கு வேணாம். நான் ஒரு பிள்ளையக் கொன்னுட்டு வந்திருக்கேன்" என்றார். மதினி பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்கள்.

மறுநாள் அண்ணன் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆறு ஆண்டுகளில் அனுப்பிய பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினார். பத்தொன்பது பேர். முதல் பெயர் முத்துக்குமார். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

அந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். "நான் பண்ணது தப்பு. இனிமே இந்த ஸ்கூல்ல யாருக்கும் அப்படி டிசி கிடையாது. ரிசல்ட் போனா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். கடைசியில் மூத்த அறிவியல் ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

"முத்துக்குமாருக்கு டிசி கொடுத்த அன்னைக்கு உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன் சார். அவனை வச்சுக்கலாம், நான் பாத்துக்கிறேன்னு சொல்லத்தான் வந்தேன். சொல்லாமத் திரும்பிப் போயிட்டேன்."

"ஏன் டீச்சர் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா சார்?"

அண்ணன் பிறகு எனக்கு இதைச் சொன்னார். "இருபத்தோரு பேரு ஸ்டாஃப் பாப்பா. ஒருத்தர்கூட என்கிட்ட வந்து வேணாம்னு சொல்ற மாதிரி நான் இருந்ததில்ல. பயப்படுறாங்கங்கிறத மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் ஆசிரியர்கள் பேச, அண்ணன் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் குறுக்கிட வாய் வரும், அடக்கிக்கொள்வார் என்று அந்த ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் அதைப் பழகுவது அவருக்கு எளிதாக இல்லை.

யாரையும் அனுப்பாமல் எழுதிய முதல் பொதுத்தேர்வில் மூன்று பேர் தேறவில்லை. செயலர் அண்ணனை நிற்க வைத்துப் பேசினார். "ஆறு வருஷமா கட்டுனத ஒரே வருஷத்துல ஒடச்சுட்டீங்களே சார்." மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டும் நூறு வரவில்லை. ஓய்வு பெற்ற நாளில் பாராட்டு விழா இல்லை. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, தன் டிபன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பள்ளி. நான் அன்று கோச்சடையில் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு இந்த நிலை வரக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஓய்வுக்குப் பிறகு அண்ணனுக்கு ஒரே வேலை அந்த நோட்டுதான். பழைய முகவரிக்குப் போவார். வீடு மாறிப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்பார். ஒருவன் கோயம்புத்தூரில் பரோட்டா மாஸ்டர். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒருவன் மாசி வீதி ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "வணக்கம் சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பஸ்ஸில் போய் வந்தார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி, தானே சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார்.

பதினொரு பேரைக் கண்டுபிடித்தார். அவர்களில் ஆறு பேர்தான் எழுத ஒத்துக்கொண்டார்கள். செல்வி என்ற பெண்ணுக்கு ஆசை இருந்தது. அதற்குள் கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. அவள் கணவனிடம் கேட்க அண்ணன் போனார். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"ஒங்க பேச்சக் கேட்டு ஒரு தடவ படிப்ப விட்டுச்சு. இப்ப ஒங்க பேச்சக் கேட்டு மறுபடியும் படிக்கணுமா சார்? விட்ருங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அன்று என் வீட்டுக்கு வந்த அண்ணன், "தேடிப் போயி என்ன ஆகப்போகுது பாப்பா. நான் எடுத்தது அவங்களுக்குப் பதினாலு பதினஞ்சு வயசுல இருந்தது. அத எங்க போயித் திருப்பிக் கொடுக்க" என்றார். நான் காபி போட எழுந்து போனேன்.

இதற்கிடையில் நெடுநாள் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மற்ற நாட்களில் கோச்சடை வீட்டு மாடியில் அந்த ஆறு பேருக்கும் பாடம். உட்கார முடியாதபோது கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான்கு பேர் தேறினார்கள். இரண்டு பேர் தேறவில்லை. அந்த நான்கு பேரை நாங்கள் கொண்டாட நினைத்தபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவே, மாதம் ஒரு முறை முத்துக்குமாரின் வீட்டுக்குப் போவார். அந்த அம்மா உள்ளே வாருங்கள் என்று சொன்னதில்லை. போக வேண்டாம் என்றும் சொன்னதில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

சென்ற ஆண்டு மே மாதம், அண்ணன் டயாலிசிஸ் முடிந்து கட்டிலில் கிடந்தபோது அந்த அம்மாவே மருத்துவமனைக்கு வந்தார். உடன் அவருடைய மகள், முத்துக்குமாரின் தங்கை ஈஸ்வரி. மதினி அப்போது பக்கத்தில் இருந்தார்கள்.

"ஒம்பதாவதுதான் முடிச்சிருக்கா சார். இவளுக்கும் டிசி தாரேங்கிறாக. வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லிட்டாக. நீங்க வந்து பேசணும்."

"எந்த ஸ்கூலும்மா?"

"ஒங்க தங்கச்சி ஸ்கூலுதான் சார்."

ஆம். என் பள்ளிதான். அண்ணனுக்கு நடந்தது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்த நான், அதையே செய்துகொண்டிருந்தேன். ஈஸ்வரி முத்துக்குமாரின் தங்கை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை மட்டும் விட்டுவிட்டு வேறொரு பிள்ளையை அனுப்பியிருப்பேன். என் பள்ளிக் குழுவும் ரிசல்ட் கேட்டது. அண்ணன் டிபன் பையோடு தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கியது என் கண்ணிலேயே நின்றது. நான் பயந்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வேறு காரணம் இல்லை.

மறுநாள் காலை ஆட்டோவில் அண்ணன் என் பள்ளிக்கு வந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. அந்த அம்மாவும் ஈஸ்வரியும் பின்னால் நின்றார்கள். எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு, பெற்றோர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, வீட்ல பேசுவோம்."

"இது வீட்ல பேசுற விஷயம் இல்ல டீச்சர். இந்தப் பிள்ளைக்கு கார்டியனா வந்திருக்கேன்."

வாழ்நாளில் அதுவரை அவர் என்னை டீச்சர் என்று அழைத்ததில்லை. நான் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னேன்: "ஒங்களை அவங்க என்ன பாடு படுத்துனாங்கன்னு நான் பாத்தேன்ல அண்ணே. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. என்னால அதத் தாங்க முடியாது."

"தாங்கலாம்" என்றார் அண்ணன். "நான் தாங்குனேன்ல. ஒரு லெட்டர் வரும். பதில் எழுதுவோம். கூட்டத்துல நிக்க வச்சுப் பேசுவாங்க. நின்னுக்கிருவோம். வீட்டுக்கு வந்தா சாப்பாடு எறங்கும். அங்க" என்று அந்த அம்மாவைக் காட்டி, "அவங்க வாசல்ல போயி நிக்கிறேன்ல, அதத் தாங்க முடியல. அஞ்சு வருஷமாத் தாங்க முடியல" என்றார்.

பிறகு கையைக் கூப்பினார். அண்ணன் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அப்பா போன பிறகு என்னை வளர்த்த கை.

நான் சான்றிதழை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். அப்போதும் நெஞ்சுக்குள் நல்லது செய்கிறோம் என்ற நிறைவெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது. ஈஸ்வரி எதுவும் புரியாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு ஆசிரியைகளும் ஆட்டோக்காரரும் சேர்ந்து தூக்கினார்கள். பதினொன்றாம் நாள் அண்ணன் காலமானார். இன்னும் ஏழு பேரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நாட்கள் நினைவு தப்பி, வீட்டு முகவரிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஓராண்டு எனக்கு எப்படிப் போனது என்பதைத் தலைமையாசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரையும் அனுப்பவில்லை. அண்ணன் செய்தது போல வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியைகளைப் பேசச் சொன்னேன். முதல் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருவர் என்னிடம், நீங்கள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மை என்பதால்தான் எரிந்தது.

ஈஸ்வரிக்கு நானே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னம் வராது. நன்றாகப் படிப்பாள், தேர்வு அறையில் எல்லாம் மறந்துவிடும். சென்ற வாரம் முடிவுகள் வந்தன. நான்கு பாடங்களில் தேறியிருக்கிறாள். கணக்கில் தேறவில்லை. பள்ளியில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. என்ன சொல்வார்கள் என்று தெரியும். அண்ணன் இருந்தால் முந்தின நாள் போன் செய்து, "சாப்பிட்டுட்டுப் போ பாப்பா" என்று சொல்லியிருப்பார். இனி சொல்ல ஆள் இல்லை.

முடிவு வந்த மறுநாள் ஈஸ்வரி பள்ளிக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. நான் பேசத் தொடங்கும் முன்பே, "துணைத் தேர்வுக்கு எப்ப டீச்சர் பணம் கட்டணும்?" என்று கேட்டாள். இப்போது தினமும் காலையில் வருகிறாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் நாட்களில் ஒரு நாளும் தவறாமல் உடன் இருந்த மதினிக்கும், சென்னையிலிருந்து வாராவாரம் வந்து போன அண்ணன் மகனுக்கும், வலிக்காமல் ஊசி போட்ட செவிலியர்களுக்கும் நன்றி. அண்ணனை ஆட்டோவில் ஏற்றி, முகவரி கேட்டுக் கேட்டுத் தெருத் தெருவாக ஓட்டிய சேது அண்ணனுக்கு நன்றி. அன்றைக்குச் சொல்லாமல் திரும்பிப் போனதாகச் சொன்ன அந்த அறிவியல் ஆசிரியை, ஓய்வு பெற்ற பின், இன்னும் நடந்துவரும் மாடி வகுப்பில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்கு நன்றி. தேறிய நால்வரில் இருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி. முத்துக்குமாரின் அம்மாவுக்கு நன்றி என்ற சொல்லைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அண்ணனின் உடல் வீட்டில் இருந்தபோது அவர் வந்து, கூட்டத்தில் ஓர் ஓரமாக, எல்லாம் முடியும்வரை நின்றிருந்தார்.

இந்த மலர் பல ஊர்களுக்குப் போகும். அதனால் ஓர் உதவி. அண்ணனின் நோட்டில் இன்னும் கண்டுபிடிக்காத ஏழு பெயர்கள் இருக்கின்றன: பாலமுருகன், தங்கப்பாண்டி, சரண்யா, வீரணன், முத்துமாரி, அஜித், கண்ணன். வில்லாபுரம் பக்கம் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர்கள். இப்போது இருபதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் கடையிலோ, பட்டறையிலோ, தெருவிலோ இவர்களில் யாராவது இருந்தால் கோச்சடை வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வர வேண்டியதில்லை. நாங்களே வந்து பார்க்கிறோம்.

அன்புத் தங்கை